மினுங்கிய வண்டியும் மங்கிய வண்டியும்

மிளகு மினுங்கினால் அதில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு கோடவுனில் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. லாரியிலிருந்து இறங்கும் சாக்கில் குத்தூசியைச் சொருகி உருவினால் அதன் குழிக்குள் ஒரு பிடி மிளகு வரும். அதை உள்ளங்கையில் கொட்டித் தேய்ப்பேன், ஊதுவேன், கடிப்பேன், தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் பொக்கு. பார்வைக்கு மிளகாகவே இருந்து பல்லில் பட்டதும் வேறு மாதிரி கசந்தால் பப்பாளி விதை. இவற்றையெல்லாம் கூட மன்னித்துவிடலாம். பூஞ்சணம் பிடித்த பழைய சரக்கை எண்ணெய் விட்டுப் புரட்டிப் பளபளவென்று அனுப்புகிறவர்கள்தான் கைதேர்ந்தவர்கள். நல்ல மிளகு மங்கலாக, சுருங்கி, கொஞ்சம் தூசியோடு இருக்கும். இந்தப் பாடத்தை ஒரு நாளும் மறந்ததில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை எனக்குக் கொடுத்தது சந்தேகம், எடுத்துக்கொண்டது மூக்கு. மிளகுத் தூசியில் வருஷக்கணக்காக நின்றவனுக்கு வாசனை என்று ஒன்றும் மிஞ்சாது. அடுப்பில் பால் தீய்ந்தால் புகை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எழுந்து ஓடுவேன். "உங்க மூக்குக்கு மல்லிகையும் ஒண்ணு, மத்திமீனும் ஒண்ணு" என்பாள் என் மனைவி.

சந்தேகம் மட்டும் கோடவுனோடு நிற்கவில்லை. பெண் பார்க்கப் போனபோது நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை எல்லாரோடும் போய் சாயா குடித்துவிட்டு வந்தேன். பட்டுப்புடவையும் பவுடருமாக ஒரு பெண் வந்து நின்றது எனக்குத் திருப்தியாக இல்லை. அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் போய்க் கதவைத் தட்டினேன். மாவு அரைத்த கையோடு, கலைந்த தலையோடு வந்து திறந்தாள். சரி, சரக்கு சுத்தம் என்று அன்றைக்கே சம்மதம் சொன்னேன். இதைக் கல்யாணமான பிறகு அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் ஆட்கள் கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தமிழ் வீட்டுக்குள், மலையாளம் தெருவில் என்று பிழைக்கிறவர்கள். எனக்குத் தமிழ் பேச வரும். படிப்பதென்றால் அந்நாளில் எழுத்துக் கூட்டித்தான். அவள் அப்படியில்லை. பிடிவாதமாகத் தமிழிலேயே படித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். இதை நான் எழுதுகிற தமிழே அவள் பின்னால் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்தப் படிப்புக்கு இரண்டாயிரத்து நான்கில் பலன் வந்தது. மூணாறுக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க வேலை. தங்க ஒரு குவார்ட்டர்ஸ். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இருவரும் மலைக்குப் போனார்கள், நான் மட்டாஞ்சேரியில் மிளகோடு இருந்தேன்.

சனிக்கிழமை கோடவுன் ஒரு மணிக்கு மூடும். எர்ணாகுளம் போய் பஸ் பிடித்து, மூணாறில் இறங்கி, ஜீப்புக்குக் காத்திருந்து போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிவாள். பதினொரு மணிக்கு மேல் மெல்ல வந்து என் சட்டைப் பொத்தானைத் தொடுவாள். மடியில் உட்காரலாமா என்று அவள் யோசிக்கிற நேரத்துக்கு எனக்கு ஜீப் வந்துவிடும். அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அவள் நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கையாட்டினாள்.

"டாட்டா மாமா."

தோட்டத்தில் வீட்டுக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மாமாதான். பால் மாமா, தபால் மாமா, மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிற மீன் மாமா. நான் வெறும் மாமா. மனைவி சிரித்துக்கொண்டே, "அப்பாடீ, அப்பான்னு சொல்லு" என்றாள். குழந்தை என்னை ஒரு தடவை பார்த்தது, அம்மாவை ஒரு தடவை பார்த்தது, பிறகு சொல்லாமல் உள்ளே போய்விட்டது. நான் ஜீப்பில் ஏறினேன். எனக்கு அழுகை வந்தது, அதை வெளியே காட்டாமல் டிரைவரோடு சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

அந்த வாரமே முடிவு செய்தேன். மோட்டார் சைக்கிள் வேண்டும். சொந்த வண்டி இருந்தால் சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே மலைக்குப் போய்விடலாம். ஞாயிறு முழுக்க இருக்கலாம், திங்கட்கிழமை விடியலில் கிளம்பினால் கோடவுன் திறக்கும் நேரத்துக்கு வந்துவிடலாம். வாரத்தில் ஒரே ஒரு முழு நாள். ஒரு குழந்தை அப்பனைத் தெரிந்துகொள்ள அது போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் எந்த வண்டி? வாரத்தில் ஐந்து நாள் அது மட்டாஞ்சேரியின் சந்துகளில் ஓட வேண்டும். கைவண்டியும் லாரியும் இஞ்சி மூட்டையும் நடுவில் ஆடுகளும் நிற்கிற சந்துகள். அங்கே வண்டியை ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். சனி, திங்களில் அதே வண்டி மலை ஏறி இறங்க வேண்டும். நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் வளைவு வளைவாக ஏற்றம், ஜூன் பிறந்துவிட்டால் மழை, மேலே போனால் மூடுபனி. சின்ன வண்டி சந்துக்குச் சரி, மலையில் மூச்சு வாங்கும். ரொம்பப் பெரிய வண்டியை சந்தில் திருப்பவே ஆள் வைக்க வேண்டும். நடுவாந்தரமாக ஒன்று வேண்டும். அந்நாளில் எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு வகைதான். ஒன்று முன்னூற்றைம்பது சிசி: கனமானது, உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், மெதுவாக அடித்துக்கொண்டு எந்த மேட்டையும் ஏறிவிடும். இன்னொன்று நூற்றெண்பது சிசி: இளசு, பட்டன் அழுத்தினால் போதும், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், சந்தில் மீன் மாதிரி நழுவும்.

விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கிற வண்டியையே உயர்த்திச் சொன்னார்கள். முன்னூற்றைம்பது வைத்திருந்த கணக்குப்பிள்ளை, மற்றதெல்லாம் வண்டியே இல்லை, பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்றார். நூற்றெண்பது வைத்திருந்த லோடிங் மேஸ்திரி, முன்னூற்றைம்பது வாங்கினால் ஒரு நாள் ஓட்டலாம், ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் உட்காரலாம் என்றார். தான் ஏமாந்ததை எவன் வாய்விட்டுச் சொல்வான்? இருவர் பேச்சையும் தள்ளிவிட்டேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு மெக்கானிக் இருந்தான். நல்ல வேலைக்காரன். "சேட்டா, நோக்கப் போகும்போ என்னையும் விளிச்சுக்கோ, நான் வரேன்" என்றான். கூப்பிடாமலே ஒருவன் வருகிறேன் என்றால் அவனுக்கு விற்கிறவனிடம் கமிஷன் இருக்கும். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவனைக் கூப்பிடவில்லை.

புதன்கிழமைகளில் மனைவி மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வாள். அந்தப் புதன்கிழமை சொன்னாள்: "இங்க ஸ்கூல்ல ஒரு சார் சொன்னாரு, மலைக்கு முன்னூத்தம்பதுதான் நல்லதாம்."

"எந்த சார்?"

"ஒரு சார்ங்க. கணக்கு சார்."

"என் வண்டியைப் பத்தி அவருக்கு எந்தா?"

"அய்யோ, நான்தான் கேட்டேன்."

"நீ ஏன் கேட்டே?"

 "மாவு அரைக்கப் போறேன், வேணும்னா வந்து பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள். அந்தக் கணக்கு சாருக்கு ஓய்வுபெற எட்டு மாதம்தான் பாக்கி என்பதும், மேல் வரிசைப் பல் கட்டியவர் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போதைக்கு முன்னூற்றைம்பதின் மேல் ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். வைப்பினில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்கார் படகில் அக்கரைக்குப் போனேன். அறுபது தாண்டியவர், படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். கடலைப் பார்த்த சின்ன வீடு. கொட்டகையில் போர்த்தியிருந்த தார்ப்பாயை அவர் உருவினார். எனக்குக் கண் கூசியது. டாங்கில் என் முகம் தெரிந்தது. மட்கார்டு, சைலன்ஸர், சக்கரக் கம்பி எல்லாம் மினுங்கின. அடியில் குனிந்து பார்த்தேன். யாரும் பார்க்காத இடத்தில்கூட மினுக்கம். விரலால் தொட்டேன். எண்ணெய்.

எனக்குள் மணி அடித்தது.

"எதுக்கு விக்கறீங்க சேட்டா?"

"முட்டு வேதனை மோனே. உதைக்க வய்யா."

விற்கிற எல்லாருக்கும் முட்டிதான் வலிக்கும். நான் தலையாட்டினேன். அவர் சாவியை என் கையில் திணித்தார்.

"ஒரு ஆழ்ச்ச கொண்டு போய் ஓடிச்சு நோக்கு. இஷ்டமில்லேங்கில் திரிச்சு கொண்டு வா. பைசா பின்னே மதி."

ஒரு வாரம்! முன்பின் தெரியாத எனக்கு! பணமும் பிறகு போதுமாம்! பன்னிரண்டு வருஷத்தில் எந்த மிளகுத் தரகனும் ஒரு சாக்கை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு வாரம் சாப்பிட்டுப் பார் என்று சொன்னதில்லை. ஒரு வாரத்தில் ஏதாவது உடையும், உடைந்தது என் கையில்தான் என்று ஆகிவிடும். இதுதான் திட்டம் என்று எனக்கு அட்சரசுத்தமாகப் புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடியதைக்கூட, பிடிபட்ட முகம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தோப்பும்படிக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே பழைய வண்டி விற்கிற ஒருவன் இருந்தான். தமிழ்நாட்டுக்காரன், தெற்கத்திப் பேச்சு. வரிசையாக நின்ற வண்டிகளின் கடைசியில் ஒரு நூற்றெண்பது சிசி வண்டி. மேலெல்லாம் தூசி. டாங்கில் ஒரு பெரிய கீறல். சீட்டு ஓரத்தில் கிழிசல். பின் மட்கார்டில் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

"இது எப்படி?"

அவன் தினசரியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாலு வருச வண்டி. நிக்குது பாருங்க. வேணும்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க அண்ணாச்சி."

"கழுவி வைக்கக் கூடாதா?"

"எதுக்கு? உள்ளத உள்ளபடி பாத்துக்கட்டுமே."

ஆகா, இவனல்லவா மனிதன் என்று தோன்றியது. கீறலை மறைக்கவில்லை. கிழிசலை ஒட்டவில்லை. சிரிக்கவில்லை, சாயா வாங்கித் தரவில்லை. என்ஜினைக் கேட்டேன், சத்தம் சுத்தமாக இருந்தது. பாலத்தின் மேல் ஒரு சுற்று ஓட்டினேன், பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. விலை இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கே பேசி முடித்தேன்.

வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தியதும் சந்து முனை மெக்கானிக் வந்து சுற்றிப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். "சேட்டா, ஆத்யம் அந்தப் பொடியும் சேறும் கழுகிட்டு நோக்கு" என்றான். முதலில் கழுவிப் பார்க்க வேண்டுமாம்; தன்னைக் கூட்டிப் போகாத கோபத்தில் குறை சொல்கிறான் என்று நினைத்தேன். தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது உண்மையான தூசி என்றேன். அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அன்று மாலையே எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு மழைக்கோட்டும் குழந்தைக்கு ஒரு சிவப்புத் தொப்பியும் வாங்கினேன். மறுநாள் சனிக்கிழமை ஒரு மணிக்கு கோடவுன் வாசலிலிருந்தே கிளம்பினேன். வண்டி பறந்தது. கோதமங்கலம் வரை எனக்குப் பாட்டே வந்தது. நேரியமங்கலம் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்படியே அடிமாலி வரை ஊற்றியது. வண்டியின் தூசியும் சேறும் கரைந்து ஓடின. பின்னால் லேசாக ஒரு ஆட்டம் தெரிந்தது, காற்றின் வேலை என்று விட்டுவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றபோது மழை விட்டிருந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை, வெளிச்சம் இருந்தது. குழந்தை விழித்திருந்தாள்! உள்ளே அவள் பாடுகிற குரல் கேட்டது. தொப்பியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தேன். வாசலுக்கு ஓடி வந்தாள். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நின்ற என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் கத்தினாள்.

"அம்மா! மீன் மாமா வந்திருக்காரு! சட்டி எடுத்துட்டு வா!"

மனைவி நிஜமாகவே சட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், அப்புறம் வண்டியின் பின்னால் வந்து நின்றவள் முந்தானையால் மூக்கை மூடினாள். "இது என்ன நாத்தம்? மீனு ஏத்துன வண்டியா இது?" பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பன்னிரண்டு வருஷம் ஊருக்கே சரக்கு சோதித்துக் கொடுத்த எனக்குத் தெரியாதது, மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்கு ஒரே உறிஞ்சலில் தெரிந்துவிட்டது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. வாங்கிய மறுநாளே மகளிடம் வெறும் மாமாவிலிருந்து மீன் மாமாவாக இறங்கியிருந்தேன்.

ஞாயிறு முழுக்க அவள் என்னிடம் வரவில்லை. மீன் எங்கே என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். தொப்பியை அம்மா கையால்தான் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் இறங்கும்போது அடிமாலிக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியின் பின்பாதி தனியாக ஒரு பக்கம் இழுத்தது. கால்களை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். கீழே பள்ளத்தில் ஆற்றின் சத்தம் கேட்டது.  தள்ளிக்கொண்டே வந்து சாலையோரம் ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தினேன். பட்டறைக்காரர் சீட்டைக் கழற்றி, பின்பக்க ஃப்ரேமில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். சாக்கில் குத்தூசி இறங்குவது போல அது உள்ளே இறங்கியது. மேலே பெயின்ட், உள்ளே துரு மட்டும்.

"இது மீன் வண்டியல்லே சேட்டா? ஐஸ் வெள்ளமும் உப்பும் இறங்கித் தின்னுபோயி. குட்டிகளை இதில ஏத்தண்டா" என்றார்.

மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீரும் உப்பும் இரும்பைத் தின்றுவிட்டன, குழந்தையை இதில் ஏற்றாதே என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் வந்திருந்தால் டாங்கின் மேல் உட்காரவைத்துத் தோட்டத்துச் சாலையில் ஒரு சுற்றுப் போயிருப்பேன். அதற்காகவேதான் தொப்பி வாங்கினேன்.

பட்டறையில் தற்காலிகமாக ஒட்டிக் கொடுத்ததை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டு நேராகத் தோப்பும்படிக்குப் போனேன். அந்த விற்பனைக்காரன் அன்றும் தினசரிதான் படித்துக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் முழுக்கக் கேட்டுவிட்டுத் தாளை மடித்தான்.

"அண்ணாச்சி, நான் ஒரு பொய் சொன்னேனா? மீன் ஏத்தலன்னு சொன்னேனா? நீங்க கேட்டீங்களா?"

"தூசியைப் பூசி வெச்சிருந்தியே, அது பொய் இல்லாம எந்தா?"

"கழுவி வெச்சா நீங்க வாங்கியிருப்பீங்களா?" அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "மினுக்குனா நீங்க தொட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஏழு வருசம் உங்க கோடவுன்ல சாக்கு தச்சவன் நான். நீங்க குத்தூசி போட்ட ஓட்டையெல்லாம் யாரு தச்சான்னு நெனச்சீங்க?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு பார்த்தும் ஞாபகம் வரவில்லை. ஏழு வருஷம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் என்னைக் கவனித்திருக்கிறான். நான் மிளகை மட்டும் பார்த்திருக்கிறேன்.  அடிமாட்டு விலைக்கு வண்டியை அவனிடமே தள்ளிவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை ஜங்காரில் ஏறி வைப்பினுக்குப் போனேன். பையில் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பட்டும் புத்தி வரவில்லையா என்று கேட்டால், வந்தது, பாதிதான் வந்தது. அந்த மினுங்கும் வண்டி இந்நேரம் விற்றுப்போயிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். விற்கவில்லை. தார்ப்பாயின் கீழ் அப்படியே நின்றது. விற்காமல் நிற்கிறதே, ஏன் என்றும் ஒரு சந்தேகம் வந்தது.

"யாரும் வாங்கலியா சேட்டா?"

"ஒரு ஆழ்ச்ச கொண்டு போய் நோக்குன்னு பறஞ்சா எல்லாரும் ஓடுன்னு மோனே. நீயும் ஓடியல்லோ." அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. படகில் புது டிரைவர் வந்தால் முதல் ஒரு வாரம் பழைய டிரைவர் பக்கத்தில் நிற்பாராம், அதன் பிறகுதான் படகை ஒப்படைப்பார்களாம். அந்த வழக்கம்தான் இது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டார்.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃப்ரேமில் ஒரு இடம் விடாமல் குத்தினேன். சீட்டின் அடியில், மட்கார்டின் உள்ளே, சக்கரத்தின் நடுவில். எங்கும் இறங்கவில்லை. டங்கென்று இரும்புச் சத்தம்தான் வந்தது. கடைசியில் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"இவ்வளவு எண்ணெய் எதுக்கு சேட்டா பூசறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதிலுக்கு வீட்டு ஜன்னலைக் காட்டினார். கம்பிகள் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தன. பிறகு கையை நீட்டி, இருபது அடி தள்ளி அடித்துக்கொண்டிருந்த கடலைக் காட்டினார்.

"ரெண்டு திவசம் தொடைக்காம விட்டா உப்புக்காத்து இரும்பைத் தின்னும். ஜன்னல் போனா போட்டே. வண்டி போனா ஞான் எந்து செய்யும்?"

மிளகில் எண்ணெய் என்றால் மறைப்பது. கடற்கரையில் எண்ணெய் என்றால் காப்பது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்னபடி ஒரு வாரம் ஓட்டினேன். சந்தில் அது எருமைதான், பொய் சொல்ல மாட்டேன். கைவண்டிக்கு வழி விட அதைத் தள்ளித் தள்ளி எனக்குத் தோள் இறங்கியது. காலையில் நான்கைந்து உதைக்குக் குறைந்து எழாது. சந்து முனை மெக்கானிக்கிடம் இந்தத் தடவை நானே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இத ஆத்யமே வாங்கியிருக்கலாமே" என்றான், காசு வாங்கவில்லை. சனிக்கிழமை மலையில் வண்டி தன் குணத்தைக் காட்டியது. அவசரப்படவில்லை, திணறவில்லை, ஒரே சீராக அடித்துக்கொண்டு ஏறியது. மழையில் வளைவுகளில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. அடுத்த வாரம் முதலாளியிடம் முன்பணம் வாங்கி வைப்பினில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரம் தவறாமல் எண்ணெய் பூச வேண்டும் என்று மட்டும் அந்தப் பெரியவர் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முதல் தடவை இந்த வண்டியில் போய் நின்றபோது மகள் பின்பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தாள். "மீன் இல்லையா?" என்றாள் ஏமாற்றமாக. இல்லை என்றேன். டாங்கில் தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டினாள். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது வாரம் சிவப்புத் தொப்பியோடு டாங்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். போதுமா என்றால் இன்னும் என்றாள். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க வா", "அத எடு", அவ்வளவுதான். மனைவியிடம் கேட்டால், "மிளகா அது, கடிச்சுப் பாக்க? விடுங்க, தானா வரும்" என்றாள்.

ஓணம் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் வழி முழுக்க மழையில் ஓட்டி வந்த அசதி. காலைப் பலகாரம் முடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மனைவி குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். கண் அசரும் நேரத்தில் வாசலில் நிஜமான மீன்காரர் வந்து ஹார்ன் அடித்தார். இரண்டாவது தடவை அடிப்பதற்குள் குழந்தை வெளியே ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது.

"மீன் மாமா, சத்தம் போடாதீங்க. எங்கப்பா தூங்குறாரு."

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. என் புத்தி அப்போதும் தன் வேலையைத்தான் செய்தது: இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நான் கேட்க வேண்டும் என்று அவள் அம்மா பழக்கியிருப்பாளோ? எழுந்துபோய், என்ன சொன்னாய், இன்னொரு தடவை சொல் என்று கேட்க வாய் வரை வந்தது. மீன்காரர் குரலைத் தாழ்த்தி, "சரி சரி" என்றார். அவள் திரும்பி வந்து கதவருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, தூங்குகிறவனைப் போலவே படுத்திருந்தேன்.